காலிமுகத்திடலுக்கு டிக்கட் இல்லை

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போதே வாசியுங்கள். மற்றவர்கள் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

இந்த வருடக் கல்விச் சுற்றுலாவுக்கு நிகழ்ச்சி நிரல் போடும்போது எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு யோசனை வந்தது. கொழும்பில் காலிமுகத்திடலை வெட்டிவிட்டு, அந்த இரண்டு மணித்தியாலத்தைத் துறைமுக நகரத்துக்கும் ஒரு பெரிய கடைத்தொகுதிக்கும் கொடுப்போமா என்பதுதான் அது. சொன்னவர்கள் இளம் ஆசிரியர்கள். "அங்க என்ன ஸேர் இரிக்கி? புல்லும் ஒழுங்கா இல்ல, நிழலும் இல்ல. எங்கட உம்மா வாப்பா காலத்துல இருந்து அதே இறால் வடையும் பட்டமும்தான். புள்ளைகளுக்குப் புதுசா எதையாவது காட்டுவமே" என்றார்கள். மூத்த ஆசிரியைகள் சிலரும் அதற்குத் தலையாட்டினார்கள். அவர்களுடைய காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறோம்.

அந்த வாதம் மூன்று நாள் இழுபட்டது. அதில் பேசியதையும், பேசிய பிறகு நாங்கள் தேடி வாசித்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறோம். இது ஒரு பாடசாலையின் சுற்றுலா விஷயம் மட்டும் இல்லை என்று எங்களுக்குப் பட்டது. 160 வருடங்களுக்கு மேல் வயதான ஒரு கடலோர விளையாட்டுத் திடல், சுற்றிவர உள்ள நிலமெல்லாம் டொலர் கணக்கில் பேசப்படும் காலத்தில், இப்போது இருப்பது போலவே எத்தனை காலம் இருக்கும்?

முதலில் காசுக் கணக்கு. அம்பாறைக் கரையோரத்தில் இருந்து கொழும்புக்குப் போவது என்றால் ஓர் இரவு முழுக்க பஸ்ஸில். இஷா தொழுதுவிட்டு ஏறினால் சுபஹுக்கு வழியில் எங்காவது ஒரு பள்ளிவாசல். பிறகு தெஹிவளை மிருகக்காட்சிசாலை, அதன் பிறகு நூதனசாலை. ஒவ்வொரு வாசலிலும் பிள்ளைகளை இரண்டிரண்டாக நிறுத்தி, எண்ணி, அதிபரின் கடிதத்தை நீட்டி, காசைக் கட்டி, உள்ளே போனதும் மறுபடியும் எண்ண வேண்டும். காலிமுகத்திடலில் மட்டும் பஸ் கதவு திறந்தால் போதும். எங்கள் நிரலில் டிக்கட் இல்லாத ஒரே இடம் அதுதான்.

சுற்றுலாக் கட்டணம் என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. 2022 ஆரம்பத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் ஜூன் கடைசியில் 460 ரூபாவுக்குப் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருடம் சுற்றுலா என்ற பேச்சே இல்லை. மறுபடி தொடங்கியபோது பஸ் கூலி பழைய இடத்துக்குத் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு வருடமும் நாலைந்து பிள்ளைகள் வந்து, "எனக்கு பஸ் ஒத்துக்காது ஸேர், சத்தி வரும், நான் வரல்ல" என்பார்கள். யாருக்கு உண்மையில் சத்தி வரும், யாருடைய வாப்பாவுக்கு அந்த மாதம் வேலை இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். பழைய மாணவர்களிடம் சொல்லி அவர்களுடைய காசைக் கட்டுவோம். ஆனால் கைச்செலவுக்குக் காசு கொடுத்துவிட முடிவதில்லை.

மிருகக்காட்சிசாலைக்குள் இருக்கும் கன்டீனில் அந்தப் பிள்ளைகளை உடனே அடையாளம் கண்டுவிடலாம். தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நிற்பார்கள். காலிமுகத்திடலில் எங்களாலேயே அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக ஓடும். அலை வரும்போது கல்லணையில் ஏறி, போகும்போது இறங்கும். ஒருவன் வாங்கிய பட்டத்தை ஏழு பேர் விடுவார்கள். ஒரு பை அச்சாறு ஒரு வகுப்பைச் சுற்றி வரும். கடைத்தொகுதிக்குள் இதே பிள்ளைகளைக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று நாங்கள் கேட்டபோது இளம் ஆசிரியர்களும் கொஞ்சம் யோசித்தார்கள். குளிர்காற்று இலவசம்தான். அதற்குப் பிறகு எல்லாம் விலை.

இன்னொரு காரணம் சூரியன். இதைக் கொழும்பில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். எங்கள் கடலில் சூரியன் உதிக்கும். மறைவது வயல் பக்கம். கிழக்குக் கரையில் பிறந்த ஒரு பிள்ளை, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்றால் நாட்டின் மற்றப் பக்கத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். புவியியல் பாடத்தில் மேற்கு, கிழக்கு என்று எத்தனை தரம் படம் வரைந்து காட்டினாலும், அந்த ஐந்து நிமிடம் போல் வராது. ஒரு வருடம் தரம் ஏழு பிள்ளை ஒன்று, "ஸேர், சூரியன் கடலுக்குள்ள விழுந்திட்டு" என்று பதறிக்கொண்டு சொன்னது. பக்கத்தில் நின்ற கச்சான் விற்கிற ஐயா சிரித்துவிட்டு, நாளைக்குக் காலையில் உங்கள் ஊரில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பாதிச் சிங்களத்தில் பாதித் தமிழில் சொன்னார்.

கடல் என்றால் எங்கள் ஊர்களில் வேறு ஒரு நினைவும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இழந்தோம். இப்போது எங்களிடம் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் பெருநாளைக்குக்கூடக் கடற்கரைக்கு விடாத உம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியர்களின் கண்ணுக்கு முன்னால் கடலைத் தொட்டுப் பார்ப்பது அங்கேதான். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள்: வீட்டில் இருந்து அரைக் கிலோமீற்றரில் கடல் இருக்க, அதைத் தொடுவதற்கு ஓர் இரவு பஸ்ஸில் போகிறார்கள்.

இனி அந்தத் திடலின் கதை. ஒல்லாந்தர் காலத்தில் அது விளையாடுவதற்கு என்று விட்ட நிலமே இல்லை. கோட்டையில் இருந்து பீரங்கி சுடுவதற்குக் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது என்று வெறுமையாக வைத்த நிலம். பிறகு வந்த ஆங்கிலேயர் அதில் குதிரைப் பந்தயம் ஓட்டினார்கள், கோல்ஃப் அடித்தார்கள். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் கடலோர நடைபாதையைத் தொடங்கி 1859இல் முடித்தார். முடித்துவிட்டு ஒரு கல்லையும் நட்டார். கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைக் கவனித்துக்கொள்ளும்படி தனக்குப் பின் வரும் ஆளுநர்களிடம் அந்தக் கல் கேட்டுக்கொள்கிறது.

வார்ட் துரை நினைத்த பெண்கள் குடை பிடித்து வண்டியில் வந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகளாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் உம்மும்மாமார் அவருடைய கணக்கில் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் கல்லில் வெட்டியது பெண்களும் பிள்ளைகளும் என்றுதான். யார் என்று பிரித்து வெட்டவில்லை. அதனால் நாங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டோம் என்று எங்கள் வரலாற்று ஆசிரியை சொல்வார்.

எஞ்சியிருப்பது இன்று அரைக் கிலோமீற்றர் நீளமும் ஏறக்குறைய 5 ஹெக்டேயர் பரப்பும்தான். தெற்கே 1864இல் வந்த காலிமுக ஹொட்டல், வடக்கே 1930இல் திறந்த பழைய பாராளுமன்றக் கட்டடம், அதாவது இன்றைய ஜனாதிபதி செயலகம். இந்த இரண்டுக்கும் நடுவில் நாட்டின் சண்டைகள் எல்லாம் ஒரு தடவையாவது வந்து நின்றிருக்கின்றன. 1956 ஜூன் 5இல் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தந்தை செல்வாவும் தமிழரசுக் கட்சியினரும் சத்தியாக்கிரகம் இருந்ததும், கும்பல் வந்து அவர்களை அடித்ததும் இந்தப் புல்லில்தான். பிள்ளைகள் பட்டம் விடும்போது இதை நாங்கள் சொல்வதில்லை. திரும்பிப் போகும் பஸ்ஸில் சொல்வோம், தூங்காமல் இருப்பவர்களுக்கு.

இப்போது 2003க்கு வருவோம். இளம் ஆசிரியர்களில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. எங்களில் மூத்தவர்களுக்கே அரைகுறையாகத்தான் ஞாபகம். அந்த வருடம் காலிமுகத்திடலைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து, அங்கே ஒரு பிரமாண்டமான பொழுதுபோக்கு வளாகம் அமைக்கப்போகிறார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. சுற்றாடலுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பு, அந்த ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்டது. விவரம் கொடுக்கவில்லை. அவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2005 நவம்பரில், அப்போதைய பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் செல்லாது என்றது நீதிமன்றம். அத்தோடு நிற்கவில்லை. பொதுநிலத்தைப் பற்றிய தகவலைக் கேட்டவர்களுக்குக் கொடுக்க மறுத்தது அடிப்படை உரிமை மீறல் என்றும் சொன்னது. அரசியலமைப்பில் தகவல் அறியும் உரிமை என்று தனியாக ஓர் உறுப்புரை இல்லாத காலம் அது. பேச்சுச் சுதந்திரம் என்றால் பேசுவதற்குத் தேவையான தகவலும் அதற்குள் அடக்கம் என்று விளக்கம் சொன்னார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். அதற்கு 11 வருடம் முன்னால் இந்த உரிமைக்கு நீதிமன்றத்தில் ஒரு வழி திறந்தது பட்டமும் இறால் வடையும் விற்கிற ஒரு திடலால்.

அந்த வழக்கு தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் யோசித்துப் பார்த்தோம். ராட்டினம் வந்திருக்கும், நல்ல வெளிச்சம் வந்திருக்கும், மலசலகூடமும் இதைவிடச் சுத்தமாக இருந்திருக்கும். வாசலில் ஒரு கவுண்டரும் வந்திருக்கும். அந்த வளாகம் இப்போது இருபது வயதைத் தாண்டியிருக்கும். இருபது வருட உப்புக்காற்றில் இரும்பு ராட்டினம் என்ன கதியாகும் என்பது கரையோரத்தில் தகரக்கூரை போட்ட எல்லோருக்கும் தெரியும். துருப்பிடித்து, ஆள் குறைந்து, நட்டத்தில் ஓடினால், அடுத்து வரும் கேள்வி ராட்டினத்தைப் பற்றியதாக இருக்காது. நிலத்தைப் பற்றியதாக இருக்கும்.

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் ஸ்டீப்பிள்சேஸ் பார்க் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1897இல் தொடங்கியது. கூட்டம் குறைந்து 1964இல் மூடினார்கள். அடுத்த வருடம் ஃப்ரெட் ட்ரம்ப் அதை வாங்கினார். ஆம், இன்றைய அமெரிக்க ஜனாதிபதியின் வாப்பாதான். அடுக்குமாடி கட்டுவது அவருடைய திட்டம். 1966இல் பூங்காவை இடிக்கும்போது விருந்து வைத்து ஆட்களை அழைத்து, அதன் கண்ணாடி முகப்புக்குக் கல்லெறிய விட்டார் என்று வாசித்தபோது எங்களுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. கடைசியில் அந்த இடத்தில் அடுக்குமாடி கட்ட நகர நிர்வாகம் அனுமதிக்கவில்லை. வீடும் இல்லை, விளையாட்டும் இல்லை. நிலம் பல வருடம் சும்மா கிடந்தது. அதே கடற்கரையில் 1927இல் கட்டிய சைக்ளோன் என்ற மரத்தாலான ரோலர் கோஸ்டர் இன்றும் நிற்கிறது. 1988இல் அதை நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது அதற்குப் பெரிய பலம். இரண்டுமே மக்கள் விரும்பிய இடங்கள்தான். ஒன்றுக்குச் சட்டத்தில் ஒரு பிடி கிடைத்தது.

எங்கள் திடலுக்கு எவ்வளவு பிடி இருக்கிறது? 2005 தீர்ப்பு இருக்கிறது. வார்ட் துரையின் கல் இருக்கிறது. அதற்கு வெளியே திரும்பிப் பார்த்தால், இராணுவத் தலைமையகம் இருந்த இடத்தில் 2017இல் ஷங்ரி-லா ஹொட்டல், 2019இல் அதனோடு ஒட்டிய கடைத்தொகுதி. வடக்கே கடலுக்குள் 269 ஹெக்டேயர் மணல் கொட்டி எடுத்த துறைமுக நகரம். 2014இல் தொடங்கியபோது பிள்ளைகளுக்குக் கப்பல்களையும் மணல் வாரிகளையும் காட்டினோம். இன்று அந்தப் பக்கம் அடிவானம் என்று ஒன்று இல்லை. கடல் பார்க்க வேண்டும் என்றால் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும்.

துறைமுக நகரத்தைப் பழிப்பது எங்கள் நோக்கம் இல்லை. 2022 ஜனவரியில் அங்கே ஒரு நடைபாதையைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பார்த்தவர்கள் அழகு என்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதையும் காட்டத்தான் வேண்டும். படித்து முடித்த பிறகு இவர்களில் சிலர் அங்கே வேலைக்கும் போகலாம், இன்ஷா அல்லாஹ். ஆனால் அது 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணைக்குழு நிர்வகிக்கும் விசேட பொருளாதார வலயம். முதலீட்டுக்காக உருவாக்கிய நிலம். அங்கே எங்களுக்குக் கிடைப்பது அனுமதி. பெண்களும் பிள்ளைகளும் என்று அங்கே யாரும் கல் நடவில்லை.

இப்போது மூத்த ஆசிரியைகளின் காரணம். அவர்கள் நேராகச் சொல்லவில்லை. "அந்தப் பக்கம் போனா இன்னும் மனசு திடுக்கெண்டுது" என்று ஒருவர் சொன்னதும் எல்லோருக்கும் விளங்கியது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டு வெடித்த இடங்களில் ஒன்று திடலுக்கு எதிரே இருக்கும் ஹொட்டல். அந்தப் பாவத்தைச் செய்தவர்கள் எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் செய்தார்கள். இறந்தவர்களுக்காக நாங்களும் அழுதோம். ஆனால் அடுத்த நாளில் இருந்து எங்கள் பிள்ளைகளின் தலைத்துணியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு போன முதல் சுற்றுலாவில் வழியில் ஓர் இடத்தில் பஸ்ஸை நிறுத்தி, பெண் பிள்ளைகளின் பைகளை மட்டும் கொட்டிப் பார்த்தார்கள். சாப்பாட்டுப் பெட்டிகளும் தொழுகைத் துணிகளும் பாதையோரத்தில் கிடந்தன. யார் என்ன என்று எழுதப்போவதில்லை. அவர்களும் பயந்துபோய் இருந்தார்கள்.

அன்று மாலை காலிமுகத்திடலில் இறங்குவதா வேண்டாமா என்று பஸ்ஸுக்குள் கொஞ்ச நேரம் பேசினோம். இறங்கினோம். வெள்ளைச் சீருடையும் வெள்ளைத் தலைத்துணியுமாக நாற்பது பெண் பிள்ளைகள் ஒன்றாக நடந்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்ற பயம் எங்களுக்கு இருந்தது. ஒரு சிங்களக் குடும்பத்தின் சின்னப் பிள்ளை விட்ட சவர்க்காரக் குமிழிகள் எங்கள் பிள்ளைகள் பக்கம் பறந்து வந்தன. இவர்கள் அதைப் பிடிக்க ஓடினார்கள். அந்தப் பிள்ளை இன்னும் ஊதியது. அந்தத் தாய் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நடந்தது அவ்வளவுதான். டிக்கட் வாங்கி வரிசையில் போகிற ஓர் இடத்தில் அந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று சந்தித்திருக்குமா என்று தெரியவில்லை.

2022 எல்லோரும் பார்த்தது. ஏப்ரல் 9இல் தொடங்கிய போராட்டம் நோன்பு மாதத்துக்குள் நடந்தது. கொழும்பில் படித்துக்கொண்டிருந்த எங்கள் பழைய மாணவர்கள் அங்கே நோன்பு திறந்த படங்களை அனுப்பினார்கள். பக்கத்தில் பிக்குமாரும் அருட்சகோதரிகளும் இருந்தார்கள். கூடாரத்துக்குள் ஒரு நூலகமும் வைத்திருந்தார்கள். ஆசிரியர்களான எங்களுக்கு அந்தப் படம்தான் நன்றாகப் பிடித்தது. போராட்டத்தைப் பற்றி எங்களுக்குள்ளேயே பல கருத்துகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன, அதை இங்கே எழுதினால் பின்னூட்டம் வேறு பக்கம் போய்விடும். நாங்கள் சொல்ல வருவது, அத்தனை சனம் போய் உட்கார ஒரு வெளி இருந்தது என்பது மட்டும். 2023இல், திடல் இனி மக்கள் ஓய்வாகப் பொழுதுபோக்குவதற்குத்தான், இசை நிகழ்ச்சி போன்றவற்றுக்கு இல்லை என்று அமைச்சரவை முடிவெடுத்தது. கேட்க நல்ல முடிவுதான். புல்லுக்கும் நல்லது. ஆனால் ஓர் அமைச்சரவை எடுத்த முடிவை இன்னோர் அமைச்சரவை மாற்றலாம். எங்களுக்கு வேண்டியது அதைவிட உறுதியான ஒன்று.

அதற்காக, இருப்பதை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லவும் இல்லை. இளம் ஆசிரியர்கள் சொன்னதில் பாதி சரி. இரண்டு பஸ் நிறையப் பெண் பிள்ளைகளைக் கொண்டுபோகும் ஆசிரியைகளிடம் கேளுங்கள், அங்கே முதல் பிரச்சினை மலசலகூடம். மழைக்கு ஒதுங்க இடம் இல்லை. குடிதண்ணீருக்கு ஒரு குழாய் இருந்தால் எத்தனை பிளாஸ்டிக் போத்தல் மிச்சமாகும். வடைத் தட்டில் இறால் காலையில் இருந்து வெயிலில் இருப்பதைப் பார்த்தால் எங்கள் சுகாதாரப் பாட ஆசிரியருக்கு மயக்கம் வரும் (பிறகு அவரே இரண்டு சாப்பிடுவார்). மிதித்து மிதித்துப் புல் செத்த இடங்களைப் பகுதி பகுதியாக மூடி வளர விடலாம். இதற்கெல்லாம் பெரிய முதலீட்டாளர் தேவையில்லை. ஒழுங்காகச் சம்பளம் கொடுத்து வைத்த பத்துப் பதினைந்து பராமரிப்பு ஊழியர்களும், அந்த வேலையைக் கேட்டு வாங்குகிற ஓர் அதிகாரியும் போதும் என்பது எங்கள் அபிப்பிராயம். ஒன்றும் செய்யாமல் விட்டுவைத்து, அசிங்கமாகிவிட்டது, எனவே தனியாரிடம் கொடுப்போம் என்று சொல்கிற வழக்கம் இந்த நாட்டில் புதிது இல்லை. பழசாகிப் போவதற்கும் பழசாக்கி விடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கும் விளங்கப்படுத்தத்தான் வேண்டும்.

வடைக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. திடலை அழகுபடுத்துவது என்ற பேச்சு வரும்போதெல்லாம் முதலில் அவர்களுடைய வண்டில்களைத்தான் கையால் தள்ளுவார்கள். ஒரே மாதிரிக் கடைகள், ஒரே மாதிரிப் பெயர்ப்பலகை, அதற்கு ஒரு வாடகை. வாடகை ஏறினால் வடை ஏறும். வடை ஏறினால் எங்கள் பிள்ளை மறுபடியும் கண்ணாடிக்கு வெளியே.

மூன்றாம் நாள் முடிவு எடுத்தோம். துறைமுக நகரம் பகலில் ஒரு மணித்தியாலம். கடைத்தொகுதி வேண்டாம். அஸருக்குப் பிறகு காலிமுகத்திடல், சூரியன் இறங்கும் வரை. கொடியை இறக்கும் மரியாதையையும் பார்த்துவிட்டு, கொள்ளுப்பிட்டிப் பள்ளியில் மஃரிபையும் இஷாவையும் ஜம்உ செய்து, பஸ். யோசனை சொன்ன இளம் ஆசிரியரையே அந்தப் பகுதிக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறோம். அவர் பட்டம் வாங்குவதற்கு இப்போதே விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பேச்சு தரம் ஒன்பது குடியியல் பாடத்துக்குள்ளும் போய்விட்டது. 2005 வழக்கைச் சொன்னதும் ஒரு மாணவி எழும்பி, "அப்ப இப்ப என்ன பிளான் இரிக்கெண்டு நாங்களும் கேட்கலாமா டீச்சர்?" என்றாள். கேட்கலாம். இலங்கைப் பிரஜை யாரும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பிள்ளைகளே ஐந்து கேள்வி எழுதினார்கள். திடல் இப்போது சட்டப்படி யாருடைய பொறுப்பில் இருக்கிறது? அதில் எந்தப் பகுதியையாவது குத்தகைக்குக் கொடுக்கும் திட்டம் உண்டா? பராமரிப்புக்குப் போன வருடம் ஒதுக்கிய தொகை எவ்வளவு? வண்டில்காரர்களிடம் அறவிடும் கட்டணம் எவ்வளவு? ஐந்தாவது கேள்வியை ஒரு பையன் எழுதினான். வார்ட் துரையின் கல்லை யார் கழுவுகிறார்கள் என்று கேட்டிருந்தான். அதை வெட்டுவோமா என்று யோசித்தோம். வெட்டவில்லை.

ஆசிரியர்கள் நாங்கள் கையெழுத்து வைத்து, போன வாரம் பதிவுத் தபாலில் அனுப்பினோம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும். வகுப்பறைக் கலண்டரில் பிள்ளைகள் நாள் வெட்டிக்கொண்டு வருகிறார்கள். இன்றோடு ஆறு. பதில் வந்தால், வந்தபடியே இங்கே போடுகிறோம்.